பொம்மைப் படத்துக்கு டாக்டர் பட்டமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தது கடலூர் மஞ்சக்குப்பம். ஆய்வு செய்தது புதுச்சேரியில். பழைய தமிழ்ப் படங்களுக்குள் ஒளிந்து கிடக்கும் அனிமேஷனின் வரலாறுதான் என் முனைவர் பட்டத்துக்கான பொருள். கல்யாணப் பந்தியிலும் பஸ்ஸிலும் மின்னஞ்சலிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிட்டால், இனிமேல் பந்தியில் பாயசம் ஆறுவதற்குள் குடித்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

உங்களுக்குக் கார்ட்டூன் வரையத் தெரியுமா?

தெரியாது. எங்கள் வாசல் கோலம்கூட மார்கழியில் மட்டும்தான் நேராக வரும். அனிமேஷன் செய்வது ஒரு தொழில். அதை யார் செய்தார்கள், எந்தக் கருவியால், என்ன கூலிக்கு, யார் கேட்டு என்று தேடி எழுதுவது இன்னொரு தொழில். எனக்குத் தெரிந்தது இரண்டாவது. எந்த மென்பொருள் பயிற்சி நிலையம் நல்லது என்று கேட்பவர்களுக்கு என்னால் ஒரு பயனும் இல்லை.

"பொம்மைப் படம் பார்க்கவா ஆறு வருடம்?"

இதைக் கேட்டவர் என் பெரியப்பா. கேள்விக்குறி அவருடையது, கோபம் என்னுடையது. ஆறு வருடத்தில் படம் பார்த்த நேரத்தைக் கூட்டினால் நான்கு மாதம் தேறாது. மீதி நேரம் பழைய பாட்டுப் புத்தகங்களிலும், தணிக்கைக் குறிப்புகளிலும், விளம்பரங்களிலும், பதில் வராத கடிதங்களுக்காகக் காத்திருப்பதிலும் போயிற்று.

தமிழில் அனிமேஷன் வரலாறு என்று ஒன்று உண்டா?

என் நேர்முகத் தேர்விலேயே கேட்கப்பட்ட கேள்வி இது. அன்றைக்குத் தடுமாறினேன். இப்போது நீளமாகவே சொல்கிறேன்.

தனிப் படமாகத் தேடினால் பட்டியல் குட்டையானதுதான். ஜெமினி ஸ்டுடியோ 1947 இல் 'சினிமா கதம்பம்' என்ற கார்ட்டூன் படத்தை வெளியிட்டது. அதைச் செய்தவர் ஓவியர் என். தாணு. அரசின் பிலிம்ஸ் டிவிஷன் 1948 இல் தொடங்கியது. 1956 இல் மும்பையில் அது கார்ட்டூன் பிரிவு ஒன்றை அமைத்தபோது, டிஸ்னி நிறுவனத்தில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி கொடுத்தார். புத்த ஜாதகக் கதை ஒன்றை வைத்து அடுத்த ஆண்டே அங்கிருந்து வண்ணப் படம் வந்தது. அந்தப் பிரிவில் வளர்ந்த ராம் மோகன்தான், 1989 இல் 'ராஜா சின்ன ரோஜா' பாட்டில் ரஜினிகாந்தோடும் குழந்தைகளோடும் ஆடிய விலங்குகளை உயிர்ப்பித்தவர். 2014 இல் 'கோச்சடையான்' நடிகரின் அசைவையே பதிவு செய்து உருவம் கொடுத்தது. இப்படிப் படம் படமாகத் தாவிப் போனால் ஒரு தபால் அட்டையில் வரலாறு முடிந்துவிடும். பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

தனிப் படங்களை விட்டுவிட்டு மற்ற படங்களின் உள்ளே பார்த்தால் கதை வேறு. புராணப் படத்தில் இரண்டு அம்புகள் வானத்தில் மோதுமே, ஒன்று பாம்பாகி மற்றொன்று கருடனாகுமே, அது என்ன? எழுத்துகள் பூவாக விரிந்து படத்தின் பெயராகச் சேருமே, அது என்ன? இடைவேளையில் பற்பொடிக்கும் சோப்புக்கும் வந்த விளம்பரங்களில் துள்ளிய உருவங்களை யார் வரைந்தார்கள்? நேரில் நடக்காத அசைவைச் சட்டகம் சட்டகமாக, அதாவது ஃபிரேம் ஃபிரேமாக, உண்டாக்கியிருந்தால் அது அனிமேஷன். இந்தக் கணக்கில் தமிழ்ப் படங்களில் அனிமேஷன் மண்டிக் கிடக்கிறது. அதைச் செய்தவர்களின் பெயர்தான் திரையில் இல்லை. இருந்தாலும் 'தந்திரக் காட்சிகள்' என்று ஒரு வரியில், சிகை அலங்காரத்துக்கும் உடைகளுக்கும் நடுவே நெருக்கியிருப்பார்கள்.

எல்லைத் தகராறுகளும் உண்டு. 1957 இல் வந்த 'மாயாபஜார்' படத்தில் கடோத்கஜன் முன்னால் லட்டுகள் தாமாகவே அவன் வாய்க்குள் போகும். மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு. அது அனிமேஷனா, வெறும் கேமரா தந்திரமா? என் ஆய்வு நெறியாளர் தந்திரம் என்றார். நான் லட்டுக் கட்சி. ஆய்வேட்டில் பதினோரு பக்கம் வாதாடியிருக்கிறேன். தேர்வாளர் ஓரத்தில் 'சுவையானது' என்று மட்டும் எழுதியிருந்தார். லட்டையா வாதத்தையா என்று கேட்கத் துணிவில்லை.

ஒரு அம்பை எப்படி ஆராய்வீர்கள்?

விநாடிக்கு 24 சட்டகம். நான்கு விநாடி அம்புச் சண்டை என்றால் 96 சட்டகம். ஒவ்வொன்றையும் நிறுத்தி, அம்பின் நுனி எங்கே இருக்கிறது என்று கட்டம் போட்ட தாளில் புள்ளி வைப்பேன். புள்ளிகள் சம இடைவெளியில் இருந்தால் அளவுகோல் வைத்து நகர்த்திய கை. ஆரம்பத்தில் நெருங்கியும் போகப் போக விலகியும் இருந்தால், வேகம் பிடிப்பது என்றால் என்னவென்று தெரிந்த கை. இரண்டு வெவ்வேறு படங்களில் ஒரே மாதிரி இடைவெளி வந்தால், ஒரே ஆள் செய்திருப்பாரோ என்று சந்தேகப்பட இடம் உண்டு. தீர்ப்புச் சொல்ல அது போதாது.

ஒரு படத்தில் 41, 42 ஆகிய இரண்டு சட்டகங்களில் மட்டும் வானத்தில் வெளிறிய ஒரு விரல் நுனி தெரிகிறது. அம்பை நகர்த்தியவர் கையை எடுக்கத் தாமதித்திருக்கிறார். விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரம். தியேட்டரில் ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது. அந்த விரலைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய கலைஞர்களிடம் பேசினீர்களா?

பேசினேன், முதலில் தப்பாக. சென்னை சாலிகிராமத்தில் எண்பது வயது கடந்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போயிருந்தேன். பட்டியல் போட்டுக் கொண்டுபோன கேள்விகளில் முதலாவது, "ஐயா, நீங்கள் எந்தெந்தப் படங்களில் அனிமேஷன் செய்தீர்கள்?" அவர் தலையை ஆட்டினார். "அதெல்லாம் கம்ப்யூட்டர் பிள்ளைகள் செய்வது அம்மா. எனக்குத் தெரியாது." ஒரு மணி நேரம் காபி, பேரன் பேத்தி, முழங்கால் வலி. கிளம்ப எழுந்து செருப்பைத் தேடும்போது சும்மா கேட்டேன், "அந்தக் காலத்து ஸ்டுடியோவில் அம்பெல்லாம் யார் விடுவார்கள்?"

"நான்தான் விடுவேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். பாம்பு அம்பு, நெருப்பு அம்பு, மழை அம்பு. மழை அம்புக்கு மட்டும் கூலி கூட. கறுப்பு அட்டைமேல் வெள்ளை அம்பை வைத்து, ஒரு சட்டகத்துக்கு இரண்டு நூல் வீதம் நகர்த்தி, வானம் பதிந்த அதே சுருளின்மேல் இன்னொரு முறை பதிவார்களாம். தச்சர் பேச்சில் வரும் அதே நூல்தான், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவருடைய அப்பா தச்சர்.

அன்றிலிருந்து நேர்காணலுக்குப் போகும்போது என் துறையின் சொற்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

இதைப் படிக்க எங்கே சேரலாம்? எந்தப் பட்டம் வேண்டும்?

'அனிமேஷன் வரலாறு' என்று பலகை மாட்டிய துறையைத் தேடாதீர்கள். இதழியல், காட்சித் தொடர்பியல், வரலாறு, தமிழ், நுண்கலை என்று எந்த வாசல் வழியாகவும் உள்ளே வரலாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985 இல் தொடங்கியது. காலாப்பட்டு வளாகத்தில் மின்னணு ஊடகத்துக்கும் மக்கள் தொடர்பியலுக்கும் ஒரு துறை இருக்கிறது. திரைப்படத்துக்கென்றே துறை வேண்டும் என்றால் கொல்கத்தாவின் ஜாதவ்பூர், தில்லியின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகக் கலை அழகியல் பள்ளி என்று வெளியே போக வேண்டும்.

முதுகலை முடித்தவர்களுக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வான நெட் முக்கியம். ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இருமுறை நடக்கும். திரைப்பட ஆய்வுக்கென்று தனித் தாள் கிடையாது. பெரும்பாலோர் இதழியல் தாளை எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வரலாறு எழுதி வந்தார், அவருடைய அடிக்குறிப்புகள் எங்கள் எல்லோருடையதையும்விடச் சுத்தம். நான்காண்டு இளநிலையில் 75 விழுக்காடு எடுத்தவர்கள் முதுகலை இல்லாமலே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2022 இல் மானியக் குழுவின் விதி வந்திருக்கிறது. எம்.ஃபில். என்ற படிக்கட்டு இப்போது இல்லை.

எத்தனை ஆண்டு ஆகும்? சாப்பாட்டுக்கு என்ன வழி?

விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு கிடைக்கும், பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு. மகப்பேறுக்கு 240 நாள் விடுப்பு உண்டு. நான் எடுத்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சட்டகம் எண்ணியதும் உண்டு, தப்பாக எண்ணி மறுபடி எண்ணியதும் உண்டு.

நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு தேறினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. கடலூரில் பெற்றோர் வீட்டிலிருந்து போய்வந்தால் இது நல்ல பணம். ஆனால் மாதா மாதம் வரும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ஐந்து மாதத் தொகை சேர்ந்து ஒரே நாளில் வந்து விழும், அதுவரை நகைக்கடன்தான். உதவித்தொகை இல்லாமல் சேருவதாக இருந்தால் வேலையை விடாமல் பகுதி நேரமாகச் செய்யுங்கள். கடன் வாங்கி முழுநேரமாகச் செய்யச் சொல்லி யாருக்கும் நான் அறிவுரை கூற மாட்டேன்.

நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அவர் அனிமேஷன் அறிந்தவராக இருக்க வேண்டியதில்லை. அனுப்பிய அத்தியாயத்தைப் படிக்கிறவராக இருக்க வேண்டும். பேராசிரியரிடம் எட்டுப் பேர், இணைப் பேராசிரியரிடம் ஆறு, உதவிப் பேராசிரியரிடம் நான்கு என்று உச்சவரம்பு இருப்பதால் இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிறகு அவரிடம் ஏற்கெனவே இருக்கும் மாணவர் ஒருவரை டீக்கடைக்கு அழைத்துப் போங்கள். இரண்டாவது டீ வரைக்கும் பொறுங்கள், உண்மை அப்போதுதான் வரும்.

புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு இந்த ஆய்வு முடியுமா?

பாதி முடியும். கடலூரில் பஸ் ஏறி, கன்னியக்கோயில் தாண்டி, புதுச்சேரியில் மாறிக் காலாப்பட்டு போய்ச் சேருவதற்குள் ஒரு கட்டுரை படித்துவிடலாம் என்பதே பெரிய வசதி. நகரத்துக்குள் 1827 இல் தொடங்கிய ரோமன் ரோலந்து நூலகம் இருக்கிறது. 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே கோயில் புகைப்படங்களும் சுவடிகளும்தான் பேர்போனவை என்றாலும், தமிழ்நாட்டுப் புகைப்பட நிலையங்களின் பழைய படங்களைத் தேடிச் சேர்த்த வேலையும் அங்கிருந்து நடந்திருக்கிறது. வரைந்த திரை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்ட குடும்பங்களைப் பார்த்தால், சினிமாத் திரைச்சீலை எங்கிருந்து வந்தது என்று புரிகிறது.

ஊரே ஒரு ஆவணம்தான். ராஜா தியேட்டர் சிக்னல், அஜந்தா சிக்னல் என்று நாம் வழி சொல்வதே சினிமாக் கொட்டகைப் பெயர்களை வைத்துத்தானே.

மீதிப் பாதிக்கு மூட்டை கட்ட வேண்டும். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களிலிருந்து 1994 இல் உருவானது. புனேயில் 1964 இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். அதன் இயக்குநராக இருந்த பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து படப்பெட்டிகளைச் சேர்த்த இடம். 2022 இல் அதைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள், ஆகவே பழைய முகவரிக்குக் கடிதம் எழுதுமுன் விசாரியுங்கள். புதுச்சேரியிலிருந்து தாதர் போகும் சாளுக்யா எக்ஸ்பிரஸ் புனே வழியாகத்தான் போகிறது. மேல் படுக்கை எடுங்கள், சுருட்டி வைத்த வரைபடத் தாள்கள் நசுங்காது.

பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை, ஆனால் நம் ஊரில் அது சுலபமாகக் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்? திரையில் காட்டிய அனிமேஷனின் தொடக்கம் பாரிஸில்தான். 1892 அக்டோபர் 28 அன்று எமில் ரேனோ தன் கையால் தீட்டிய படங்களைத் திரையில் ஓடவிட்டார். லூமியேர் சகோதரர்களின் சினிமாவுக்கு மூன்று ஆண்டு முன்பு. ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கில் ஓவியம். பிறகு வந்த சினிமா அவருடைய பிழைப்பைக் கெடுத்தது. மனம் நொந்து தன் சுருள்களில் பெரும்பாலானவற்றைச் சேன் ஆற்றில் வீசினார். 1908 இல் எமில் கோல் சுமார் எழுநூறு கோட்டோவியங்களைக் கொண்டு ஒன்றரை நிமிடப் படம் செய்தார். இவர்களைப் பற்றிய நல்ல எழுத்து நிறையப் பிரெஞ்சில் இருக்கிறது.

நம் பக்கக் கதைக்குள்ளும் ஒரு பிரெஞ்சுக்காரர் வருகிறார். 1905 இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், நோய்வாய்ப்பட்ட டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சுருள்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். தென்னிந்தியாவில் கூடாரம் அடித்துச் சினிமா காட்டியவர்களில் முன்னோடி அவர்.

படமே அழிந்துபோயிருந்தால் என்ன எழுதுவீர்கள்?

தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இல்லை. 1931 இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இல்லை. இந்தியாவில் எடுத்த மௌனப் படங்கள் ஆயிரத்துக்கும் மேல், மிஞ்சியவை சில பத்துகூட முழுதாகத் தேறாது. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும், தானாகவும் மக்கும். எரியாததையும் மக்காததையும் அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கினார்கள். 1933 இல் வந்த மலையாள மௌனப் படம் 'மார்த்தாண்ட வர்மா' பிழைத்ததற்கு ஒரு வழக்குதான் காரணம். பதிப்புரிமைத் தகராறில் படப்பெட்டியைப் பறிமுதல் செய்துவிட்டதால் அது ஊர் சுற்றித் தேயாமல் ஓரிடத்தில் கிடந்தது.

படம் இல்லாத இடத்தில் காகிதம் பேசும். அதில் தலையாயது பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றவை. கதைச் சுருக்கம் இருக்கும், சரியான கட்டத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். படம் அழிந்த பின் அந்த வரியைப் படித்தால் ஒரு மாதிரியாக இருக்கிறது. எனக்கு வேண்டியது கதை இல்லை, தொழில்நுட்பக் கலைஞர் பட்டியல். திரையில் ஓடி மறையும் பெயர்கள் அங்கே அச்சில் நிற்கும். அம்பு விட்ட பெரியவரின் பெயரை அப்படித்தான் மூன்று புத்தகங்களில் பிடித்தேன், மூன்றிலும் வேறு வேறு எழுத்துப்பிழையோடு.

யூடியூபில் இருப்பது போதாதா?

தொடங்கப் போதும். ஆனால் ஒளிபரப்புக்காக மாற்றும்போது சட்டக எண்ணிக்கை கூடும் குறையும், தலைப்புப் பகுதியை வெட்டியிருப்பார்கள், மூலையில் சேனல் முத்திரை அம்பை மறைக்கும். எந்தப் பிரதியிலிருந்து எண்ணினீர்கள் என்று ஆய்வேட்டில் எழுதுங்கள்.

பழைய படத்தின் சட்டகங்களை ஆய்வேட்டில் போடலாமா?

நம் சட்டத்தில் திரைப்பட உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டு. 1957 படத்துக்கு 2017 முடிவோடு தீர்ந்தது. அதற்குப் பிந்திய படமானாலும் ஆராய்ச்சிக்கு நியாயமான அளவில் எடுத்தாள இடம் உண்டு. புத்தகமாக விற்கும்போது பதிப்பாளர் வேறு கேட்பார், அதை அப்போது பார்க்கலாம்.

ஆய்வுக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டுமா?

2022 விதிகளில் கட்டாயம் இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள். ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், இவ்வளவு அனுப்புங்கள் என்று கைப்பேசிக்கு வரும் அழைப்புகளைத் தொடாதீர்கள். நான் ஒருமுறை தொட்டேன். கட்டுரை வந்தது, மூன்று மாதத்தில் இதழே காணாமல் போயிற்று. 1987 முதல் இயங்கும் அனிமேஷன் ஆய்வுச் சங்கம் ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறது, அங்கே மாணவர் கட்டுரைக்கு மதிப்பு உண்டு.

வேலை கிடைக்குமா?

நிரந்தர உதவிப் பேராசிரியர் பணிக்கு அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அந்த இடங்கள் எப்போதாவது வருகின்றன, வந்தாலும் 'திரைப்பட வரலாறு' என்று வருவதில்லை. நான் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். விளம்பரம், நிழற்படம், ஊடகச் சட்டம் எல்லாம் நடத்துகிறேன், அனிமேஷன் வரலாற்றுக்கு வாரத்தில் இரண்டு மணி. கோடை விடுமுறையில் சம்பளம் இல்லை. என்னோடு ஆய்வு செய்தவர்களில் ஒருவர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறார், ஒருவர் விளையாட்டுச் செயலி நிறுவனத்தில் கதை எழுதுகிறார், ஒருவர் வங்கியில். வங்கிக்காரர்தான் எங்களில் அதிகம் படம் பார்க்கிறார்.

எங்கள் தாத்தா வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது, கடலூர் முதுநகரில் ஒரு வீட்டில் ஓடு பறந்து இரண்டு டிரங்குப் பெட்டிகள் நனைந்தன. நான் கேள்விப்பட்டுப் போனது பல வருடம் கழித்து. பக்கங்கள் ஒட்டிச் செங்கல்போல் இறுகியிருந்தன. ஆகவே முதலில் பரணிலிருந்து இறக்குங்கள். வெயிலில் காயப்போடாதீர்கள், நிழலில் காற்றாட விரித்து வையுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், துருப்பிடித்த ஊசியை இழுக்காதீர்கள். அட்டையையும், பெயர்ப் பட்டியல் உள்ள பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் நேராகப் படம் எடுங்கள். பின்னட்டையில் யாராவது பேனாவால் தியேட்டர் பெயரும் தேதியும் எழுதியிருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள், பல தாத்தாக்கள் எழுதியிருப்பார்கள். பழைய பேப்பர்காரர் வருமுன் எனக்கு ஒரு வரி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வந்து பார்க்கிறேன். விழுப்புரம் வரை என்றால் பஸ் செலவு என்னுடையது.